பிள்ளையின் தலையில் பேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பெண்களை வளர்த்தேன். இப்போது பேத்தியின் தலையையும் நானே பார்க்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வகுப்பறை வாசலில் ஒதுங்கி நின்று, "டீச்சர், ஒரு விஷயம்" என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பிக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் உரக்கக் கேட்பவர்கள்கூடப் பேனைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் கிசுகிசுப்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே உரக்க எழுதியிருக்கிறேன்.

வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். வாரம் இரண்டு முறை தலைக்கு ஊற்றுகிறேன். பிறகு எப்படிப் பேன் வந்தது?

தலைப்பேனுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பு கிடையாது. சீயக்காய் தேய்த்துக் குளித்த தலையும், பத்து நாள் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையும் அதற்கு ஒன்றுதான். அதற்கு வேண்டியது முடி, தோலின் சூடு, சிறிது இரத்தம். இந்த மூன்றும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன.

பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. ஆறு கால்களிலும் கொக்கிபோன்ற நகம் இருக்கிறது. அதனால் முடியைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டுக்கொண்டு சிறிது நேரம் இருந்தால் அந்தப் பாலத்தில் ஏறிக் கடந்துவிடும். நம் பிள்ளைகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். ஒரே கைப்பேசியை மூன்று பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். மே மாதம் முழுவதும் பாட்டி வீட்டில் பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று ஐந்தாறு பேர் ஒரே பாயில் உருள்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு வருவதன் காரணம் இதுதான் என்று நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு முறையும் குடும்பம் குடும்பமாகப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் போய்த் தங்க வேண்டியிருந்தது. ஒரே கூடத்தில் அத்தனை பிள்ளைகள் ஒட்டிப் படுத்தால் பேன் பரவத்தான் செய்யும். அதற்காக எந்தத் தாயும் தலைகுனிய வேண்டியதில்லை.

சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய தந்தச் சீப்பு ஒன்று இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரத்தில் கிடைத்தது. அதில் செதுக்கியிருந்த எழுத்துகளை 2022இல் படித்தார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அதில் இருந்தது. தந்தத்தில் சீப்புச் செய்து வைத்திருந்த வசதியான வீட்டுக்காரருக்கும் பேன் இருந்திருக்கிறது.

ஈரத்தலையைப் பின்னினால் பேன் பிடிக்கும் என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. ஈரத்திலிருந்தோ வியர்வையிலிருந்தோ பேன் உண்டாகாது. பேன் இட்ட ஈரிலிருந்துதான் பேன் வரும். ஈரத்தலையைப் பின்னினால் முடி நாறும், சிக்கு விழும். அந்தக் காரணத்துக்காக மாமியார் சொல்வதைக் கேட்கலாம்.

மகள் தலையைச் சொறிவதே இல்லை. அப்படியானால் பேன் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் இறங்குகிறது. அந்த எச்சிலை உடம்பு ஒவ்வாத பொருளாக உணர ஆரம்பித்த பிறகுதான் அரிப்பு வரும். முதல் முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். அதற்குள் அந்தத் தலையில் இரண்டாம் தலைமுறை வந்திருக்கும். முன்பே ஒரு முறை பேன் வந்த பிள்ளைக்கு ஓரிரு நாளிலேயே அரிக்கும். சில பிள்ளைகளுக்கு அரிப்பே இருக்காது.

எனவே பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் வாரம் ஒரு முறை, தலைக்கு ஊற்றும் நாளில், பேன் சீப்பை ஒரு தடவை ஓட்டிவிடுவது நல்லது. வந்த முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் வேலை கால் பங்குதான்.

முடியில் வெள்ளையாக இருப்பது பொடுகா, ஈரா?

விரல் நுனியால் தட்டுங்கள். உதிர்ந்தால் பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வழுக்காமல் நின்றால் ஈர். பேன் தன் ஈரைப் பசைபோன்ற ஒன்றால் முடியில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரோ ஷாம்புவோ அதைக் கரைக்காது. ஈர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் பார்க்கலாம்.

இதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிபவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடுகள். உயிருள்ள ஈர் மங்கிய பழுப்பு நிறத்தில், தலைத்தோலை ஒட்டி இருக்கும், எளிதில் கண்ணில் படாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், தோலிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும் ஈர் பழையது என்பது பொதுவான கணக்கு. ஆனால் நம்முடையதுபோன்ற வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊர்களில் சற்றுத் தள்ளியும் உயிருள்ள ஈர் இருக்கலாம். ஆகவே ஓடுகிற பேன் ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகே மருந்தை எடுங்கள். வெறும் வெள்ளைக் கூட்டைப் பார்த்துவிட்டு மருந்து போட வேண்டாம்.

இரண்டு முறை மருந்து போட்டேன். பதினைந்து நாளில் மறுபடியும் பேன். ஏன் போகவே மாட்டேன் என்கிறது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, பொறுமையாகப் படியுங்கள். ஈரின் நாள்கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பெண் பேன் சுமார் ஒரு மாதம் வாழும். நாளுக்கு 8 ஈர்வரை இடும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்து வரும் சிறுபேன் வளர்ந்து, தானே ஈர் இட ஆரம்பிக்க இன்னும் ஏறக்குறைய அதே அளவு நாள் பிடிக்கும். பெரும்பாலான மருந்துகள் ஓடுகிற பேனைக் கொல்லும். ஈரை முழுவதும் கொல்லாது. இன்று மருந்து போட்டால் இன்றைய பேன்கள் செத்துவிடும், ஈர்கள் தப்பிவிடும். அவை ஒவ்வொன்றாகப் பொரித்து முடியும் வேளையில், அதாவது 9ஆம் நாளில், மறுபடி மருந்து போட்டால் குஞ்சுகள் அத்தனையும் ஈர் இடும் வயதுக்கு வருமுன்னே அகப்பட்டுவிடும்.

நீங்கள் இரண்டு முறை போட்டேன் என்கிறீர்கள். எந்தெந்த நாளில்? இப்படிக் கேட்டால், "ஞாயிறு போட்டேன், சந்தேகமாக இருந்தது, செவ்வாய் மறுபடி போட்டேன்" என்பார்கள். செவ்வாய்க்கிழமை போட்டது வீண். குஞ்சு அப்போது ஈருக்குள் பத்திரமாக இருந்தது. அல்லது, "ஒரு மாதம் கழித்துப் போட்டேன்" என்பார்கள். அதற்குள் குஞ்சு தாயாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையை முதல் நாள் என்று வைத்தால், அடுத்த வாரம் திங்கள்கிழமை ஒன்பதாம் நாள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் திங்களுக்கான தாளில் இப்போதே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம். வீட்டில் இன்னொரு தலையில் பேன் இருந்து, அங்கிருந்து திரும்பி வந்திருக்கலாம். அல்லது பேன் அந்த மருந்துக்குப் பழகிப்போயிருக்கலாம். பெர்மெத்ரின் என்ற பேன் மருந்துக்குச் சாகாத பேன்கள் பல நாடுகளில் இருக்கின்றன. மருந்து போட்ட 8 முதல் 12 மணி நேரம் கழித்தும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அதே மருந்தை மேலும் மேலும் ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

மருந்தே இல்லாமல் சீப்பால் மட்டும் போக்க முடியுமா?

முடியும், நேரம் கொடுத்தால். என் இரண்டு பெண்களுக்கும் நான் அப்படித்தான் போக்கினேன்.

முதலில் சரியான சீப்பு வேண்டும். பற்களுக்கு இடையே 0.3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. திருப்பாதிரிப்புலியூர்த் தேர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் இரு பக்கப் பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்து கொடுக்கும். அந்த இடைவெளியில் சிறுபேன் தப்பிவிடும். நீண்ட எஃகுப் பல் கொண்ட பேன் சீப்பு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் பேத்தி காலம்வரை வரும்.

தலையை ஷாம்பு போட்டு அலசி, ஈரத்தோடேயே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். அது இல்லையென்றால் தேங்காயெண்ணெய் போதும். வழுவழுப்பில் பேன் வேகமாக ஓட முடியாது, சீப்பும் சிக்காமல் இறங்கும். அகலப் பல் சீப்பால் முதலில் சிக்கு எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நேராகப் பேன் சீப்பைப் போட்டால் பிள்ளை வீறிடும். அடுத்த முறை உங்கள் கையில் தலையைக் கொடுக்காது.

பிறகு வகிடு எடுத்து, தலையை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு முடியை எடுத்து, சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவில் பழுப்பாக ஓடினால் பெரிய பேன். ஊசிமுனைபோல் இருந்தால் குஞ்சு. இடுப்புவரை முடி உள்ள பெண்ணுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது. வெயில் விழும் வாசற்படியிலோ மொட்டைமாடியிலோ உட்காருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் குஞ்சு தெரியாது.

இதை 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் செய்ய வேண்டும். ஞாயிறு தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், அதே வாரம் வெள்ளி. அதற்கடுத்த செவ்வாய், 17ஆம் நாள், சும்மா சீவிப் பாருங்கள். ஒரு பேன்கூட இல்லையென்றால் முடிந்தது. நடுவில் ஒரு நாளைத் தவறவிட்டு, "அதான் ஒன்றும் வரவில்லையே" என்று நிறுத்துபவர்கள்தான் மறு மாதம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

மருந்துக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

பெர்மெத்ரின் 1 சதவீதம். இதில் எண் முக்கியம். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு சொறிசிரங்குக்கு உடம்பில் தடவுவது. அவசரத்தில் கடைக்காரர் அதை எடுத்துத் தந்துவிடுவதும் உண்டு. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் பிள்ளைகளின் தலையில் எப்போதும் எண்ணெய் இருக்கும். எண்ணெயோடு மருந்து போட்டால் அது முடியில் சரியாகப் படியாது. சாதாரண ஷாம்புவால் எண்ணெயைப் போக்கி, துண்டால் ஈரத்தை ஒற்றிவிட்டு, காதுக்குப் பின்புறமும் பிடரியும் விடாமல் தடவி, 10 நிமிடம் வைத்திருந்து அலசுங்கள். அந்த வேளையில் கண்டிஷனர் வேண்டாம். அலசிய பிறகு ஓரிரு நாள் தலைக்கு ஊற்றவும் வேண்டாம். கூடுதல் பலன் கிடைக்கும் என்று இரவு முழுவதும் ஊறவிடுவது தவறு. பிள்ளையைக் குனியவைத்து, கண்ணை மடித்த துணியால் மூடிக்கொள்ளச் சொல்லி, தலைமுடியை மட்டும் அலசுங்கள், உடம்பெல்லாம் வழியவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இந்த மருந்து கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

லிண்டேன் என்றும் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்றும் எழுதியிருக்கும் பழைய மருந்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது தோல் வழியே உள்ளே போய் நரம்பைத் தாக்கும். குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஐவர்மெக்டின் மாத்திரையை மருத்துவர் எடை பார்த்துத்தான் எழுதுவார். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தருவதில்லை. பெரியவருக்கு எழுதிக் கொடுத்ததைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பேன் மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். பாட்டிலில் டைமெத்திகோன் என்று இருக்கிறது. போடலாமா?

புதுச்சேரி வீடுகளில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். டைமெத்திகோன் பூச்சிக்கொல்லி இல்லை, சிலிக்கோன் எண்ணெய். பேனைச் சுற்றி உறைபோல மூடி அதைக் கொன்றுவிடுகிறது. விஷத்தால் கொல்லாததால் மருந்துக்குப் பழகிய பேனும் தப்புவதில்லை. நல்ல மருந்துதான். எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும், எந்த வயதிலிருந்து போடலாம் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் உள்ளிருக்கும் தாளைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். இதற்கும் ஒரு வாரம் முதல் ஒன்பது நாள் கழித்து இரண்டாம் முறை உண்டு. இது தீப்பற்றக்கூடியது, தலையில் இருக்கும்போது அடுப்படிக்கும் விளக்கேற்றும் இடத்துக்கும் பிள்ளையை விடாதீர்கள்.

மண்ணெண்ணெய், சீத்தாப்பழ விதை, கற்பூரம் இதெல்லாம் அந்தக் காலத்திலிருந்து போட்டதுதானே?

போட்டார்கள். அதனால் கெட்டதையும் நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

என் தங்கை மகளுக்கு அப்போது ஏழு வயது. சீத்தாப்பழம் தின்று சேர்த்த விதையைக் காயவைத்து, இடித்து, எண்ணெயில் குழைத்து அவள் அத்தை தலையில் பூசிவிட்டார். அன்போடு செய்தார். தலையை அலசும்போது அந்தக் குழம்பு கண்ணில் வழிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று வீங்கி, திறக்கவே முடியாமல், குழந்தை துடித்துப்போனாள். கருவிழியின் மேல்தோல் வெந்ததுபோல் உரிந்திருக்கிறது என்று கண் மருத்துவர் சொன்னார். நல்லவேளை, பத்து நாளில் ஆறிவிட்டது. சீத்தாப்பழ விதையால் கண் இப்படிப் பாதிக்கப்படுவது நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் நிறையச் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதில் என்ன கெடுதல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு விஷம். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரும். நிறையத் தடவினால் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். குழந்தை தலையைச் சொறிந்த கையை அப்படியே வாயில் வைக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

மண்ணெண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தலை தீப்பிடித்த பிள்ளைகள் உண்டு, தோல் வெந்துபோகும், ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் கெடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டி, முந்திரித் தோப்புக்கும் நெல் வயலுக்கும் தெளிக்கும் பூச்சிமருந்து, புகையிலை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைத் தலையில் ஊற்றுவது பேனுக்காகப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது. பண்ருட்டிப் பக்கம் இன்றும் சில வீடுகளில் வயல் மருந்தை எடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது என் வயிறு கலங்குகிறது. தலைத்தோல் அதை உறிஞ்சிவிடும். பேனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. இந்த மருந்துகளால் செத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேப்பெண்ணெய், துளசி?

துளசியைத் தலையணைக்கு அடியில் வைத்தால் வாசமாக இருக்கும், பேன் போகாது. வேப்பெண்ணெயைச் சீப்பு ஓட்டுவதற்கான எண்ணெயாகச் சிறிது கலந்துகொள்வதைப் பெரிய பிள்ளைகளுக்குத் தவறென்று சொல்ல மாட்டேன். அது தனியாகப் பேனை ஒழித்துவிடும் என்று நம்பிச் சீப்பைக் கீழே வைக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேப்பெண்ணெய்ப் புட்டியை உயரத்தில் வையுங்கள். உள்ளே போனால் ஆபத்து.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலில் மூன்று முழுக்குப் போட்டால் பேன் போய்விடும் என்கிறார்களே?

புண்ணியம் கிடைக்கும், பேன் போகாது. தண்ணீருக்குள் பேன் மூச்சை அடக்கிக்கொண்டு பல மணி நேரம் உயிரோடு இருக்கும், அதுவும் முடியை இறுகப் பற்றிக்கொண்டு. உப்புத் தண்ணீரும் நீச்சல்குளத்துக் குளோரினும் அதை ஒன்றும் செய்வதில்லை.

திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

முடி இல்லாத தலையில் பேன் தங்காது, உண்மைதான். தேவநாத சுவாமிக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளையும் மகிழ்ச்சியாக மலையேறி மொட்டை போட்டுக்கொண்டால் நல்லதே. ஆனால் நான்காம் வகுப்புப் பெண்ணை அழ அழ உட்காரவைத்துப் பேனுக்காக மட்டும் மழிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பதினேழு நாளில் சீப்பால் முடியும் வேலைக்கு அந்தக் குழந்தை ஆறு மாதம் தலையை மூடிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். வீட்டில் மற்றவர் தலையில் பேன் இருந்தால், முடி வளர வளர மறுபடி ஏறத்தான் போகிறது.

பாய், தலையணை, வீடு முழுவதும் மருந்து அடிக்க வேண்டுமா?

வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் பட்டினியால் செத்துவிடும். தலைச்சூடு இல்லாமல் ஈரும் பொரிக்காது. கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு, தொப்பி ஆகியவற்றைச் சூடான தண்ணீரில் துவைத்து நம் ஊர் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். சீப்பு, கிளிப், ரிப்பனைக் கைபொறுக்காத சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். துவைக்க முடியாத பொம்மையை ஒரு பையில் கட்டி இரண்டு வாரம் பரண்மேல் போட்டுவிடுங்கள். வீட்டைப் புரட்டிப்போடும் நேரத்தில் தலையை இன்னொரு தடவை சீவலாம்.

மகளுக்குத்தான் பேன். வீட்டில் எல்லோருக்கும் மருந்து போட வேண்டுமா?

எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் கண்ட தலைகளுக்கு மட்டும், எல்லோருக்கும் ஒன்றாக மருந்து போடுங்கள். மகளோடு ஒரே பாயில் படுப்பவருக்கும் சேர்த்துப் போடுவது நல்லது. அது பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். எனக்கெங்கே பேன் என்று அவர் தலையைக் காட்ட மறுப்பார். அவர் தலையில்தான் முதல் பேன் இருக்கும். மரியாதையாக, மனம் நோகாமல், "வாங்க அத்தை, எண்ணெய் வைத்துவிடுகிறேன்" என்று உட்காரவையுங்கள்.

பேன் இருக்கிறது என்று பள்ளியிலிருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரியா?

சரியில்லை. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். பேன் காரணமாக நலமாக உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் உட்படப் பலருடைய நிலை. காரணம் எளியது. இன்று கண்ணில் பட்ட பேன் அந்தத் தலையில் சில வாரமாகவே இருந்திருக்கிறது. மீதி அரை நாளில் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது. மாலை மணி அடிக்கும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். இரவு வீட்டில் மருந்து போட்டோ சீவியோ மறுநாள் வரட்டும். ஈரெல்லாம் போனால்தான் வரலாம் என்பதும் பொருளற்றது. வெறும் கூடு மாதக்கணக்கில் முடியில் ஒட்டியிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூத்த ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார். மற்றப் பிள்ளைகள் அவளைப் பேன்தலை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் நன்றாகப் பாடுவாள். அந்த ஆண்டு விழாவுக்கு மேடையேற மறுத்துவிட்டாள். நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன், எதுவும் பேசவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் அறுக்கிறது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் ஒரு சீட்டு அனுப்புங்கள். "இந்த வாரம் எல்லோரும் பிள்ளையின் தலையைப் பாருங்கள்" என்று எழுதினால் போதும். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் பார்த்தால்தான் வகுப்பை விட்டுப் பேன் போகும். பெண் பிள்ளைகள் சடையை இறுகப் பின்னி மடித்துக் கட்டி வந்தால் முடி முடியோடு உரசுவது குறையும். சீப்பையும் ரிப்பனையும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சொல்லுங்கள். கட்டிப்பிடித்து விளையாடக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பேன் நோய் பரப்புமா? இரத்தம் குறைந்துவிடுமா?

தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதில்லை. துணித் தையலில் வாழும் சீலைப்பேன் வேறு. அதுதான் டைபஸ் காய்ச்சலைப் பரப்பியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளின் தலையில் ஒரு நேரத்தில் இருபதுக்கும் குறைவான பெரிய பேன்களே இருக்கும். அதனால் இரத்தம் வற்றிவிடாது. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, தலை முழுவதும் மண்டிய பிள்ளைக்குச் சோகை வருவது அரிதாக உண்டு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சொறிந்த இடத்தில் சீழ் வைத்து முடி ஒட்டிக்கொண்டால், காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், கண்ணிமை முடியில் ஈர் ஒட்டியிருந்தால், முறைப்படி இரண்டு தடவை மருந்து போட்டும் பேன் ஓடினால். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த மருந்தையும் கேட்காமல் போடாதீர்கள், சீப்பு போதும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ, மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையோ, புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரின் தோல் நோய்ப் பிரிவோ இருக்கிறது. இதற்காகப் போவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

எல்லாம் சரி. என் மகள் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் கேட்டால் எந்தக் குழந்தையும் தராது. தலை நான்கு பாகம் என்றேன் அல்லவா? ஒரு பாகம் முடிந்ததும் எழுந்து ஓடட்டும், ஐந்து நிமிடம் கழித்து வரட்டும். வெள்ளைத் துணியை அவள் மடியிலேயே போட்டு, வந்த பேனை எண்ணும் வேலையை அவளுக்குக் கொடுங்கள். என் பேத்தி எண்ணிக்கையைக் காலண்டர் தாளில் எழுதுகிறாள்: முதல் நாள் 14, ஐந்தாம் நாள் 6, ஒன்பதாம் நாள் 2. நான் சீவிக்கொண்டே என் அம்மா எனக்குத் திண்ணையில் சொன்ன கதைகளைச் சொல்கிறேன். பதின்மூன்றாம் நாள் துணியில் ஒன்றும் விழவில்லை. "கதை மட்டும் சொல்லு ஆயா" என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.